ஏழாவது ஸ்லாபும் பதினாறாம் சங்கீதமும்

2014 தசராவுக்கு நாங்கள் மும்பைக்கு வெளியே பத்லாப்பூர் பக்கம் ஒரு வீடு புக் செய்தோம். ஒரு ஹால், ஒரு பெட்ரூம், ஒரு கிச்சன். ஐந்தாவது மாடி, 410 சதுர அடி கார்பெட் ஏரியா, அதாவது சுவருக்கு உள்ளே புழங்குகிற இடம். 2017 டிசம்பரில் சாவி கையில் கிடைக்கும் என்று அக்ரிமெண்டில் எழுதியிருந்தது. இதை எழுதுகிற இன்றைக்கும் நாங்கள் டோம்பிவிலியில் வாடகை வீட்டில்தான் இருக்கிறோம். அதனால் 'ஜெபித்தேன், கிடைத்தது, சந்தோஷம் வந்தது' என்ற வரிசையில் என்னால் சாட்சி சொல்ல முடியாது. வீடு வரவில்லை, சந்தோஷம் வந்தது. அது எப்படி வந்தது, அதற்காக நான் என்னவெல்லாம் செய்தேன், எதையெல்லாம் விட்டேன் என்று யாராவது கேட்டால் சொல்லலாமே என்று பல நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்குச் சொந்த ஊர் நாசரேத் பக்கம். கல்யாணமாகி 2008-இல் மும்பை வந்தேன். என் வீட்டுக்காரர் தானேயில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர், எனக்குக் காட்கோபரில் கணக்கு எழுதுகிற வேலை. மும்பையில் வாடகைக்கு இருந்தவர்களுக்குத் தெரியும், இங்கே பதினோரு மாத அக்ரிமெண்ட்தான். ஒன்பதாவது மாதமே மனசு அடித்துக்கொள்ள ஆரம்பித்துவிடும், வீட்டு ஓனர் நீட்டுவாரா, எவ்வளவு ஏற்றுவார், புரோக்கருக்கு மறுபடியும் ஒரு மாத வாடகை தர வேண்டுமா என்று. ம்ஹாடா என்கிற அரசு வீட்டு வாரியத்தின் லாட்டரியில் மூன்று தடவை போட்டோம், மூன்று தடவையும் பெயர் வரவில்லை. அப்புறம்தான் கடன் வாங்கி இந்த வீடு.

2016 கடைசியில் ஏழாவது ஸ்லாப், அதாவது ஏழாவது கான்கிரீட் தளம், போட்டதோடு வேலை நின்றுபோனது. பில்டருக்கு என்ன பிரச்சினை என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். வாடகை ஒரு பக்கம், கடன் தவணை ஒரு பக்கம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நேரே டோம்பிவிலி ஸ்டேஷன் போய் பத்லாப்பூர் லோக்கல் ரயில் பிடித்து அந்தக் கட்டிடத்தைப் பார்க்கப் போவோம். எங்கள் ஐந்தாவது மாடிக்குச் சுவர் கிடையாது, தூண்கள் மட்டும்தான். தூண்களுக்கு மேலே கம்பிகள் துருப்பிடித்து மழைக்குப் பிறகு சிமெண்டில் காவி நிறத்தில் வழிந்திருக்கும். எங்கள் கிச்சன் வரவேண்டிய மூலையில் புறாக்கள் உட்கார்ந்திருக்கும். என் மகளுக்கு அப்போது ஐந்து வயது, "அம்மா, நம்ம வீட்ல புறா இருக்கு" என்று ஒவ்வொரு வாரமும் சொல்வாள். நான் ஒன்றும் பேசாமல் கீழே நின்று பார்த்துக்கொண்டே இருப்பேன். ஆராதனையில் கிடைத்த கொஞ்ச நஞ்ச சமாதானமும் அங்கே நிற்கும் பதினைந்து நிமிடத்தில் காலியாகிவிடும்.

ஜெபிக்காமல் இல்லை. விடியற்காலை நாலரைக்கு எழுந்து ஜெபித்தேன், உபவாசம் இருந்தேன், பொருத்தனை பண்ணினேன். ஆனால் இப்போது திரும்பிப் பார்த்தால் அந்த இரண்டு வருடமும் நான் ஆண்டவரிடம் வீட்டைத் தவிர வேறு எதைப்பற்றியும் பேசவில்லை. அவர் எப்படிப்பட்டவர் என்று யோசிக்கவே இல்லை. ஸ்தோத்திரம் என்று ஆரம்பித்து இரண்டாவது வரியிலேயே பில்டர், மூன்றாவது வரியில் வங்கி. வேதம் வாசித்தாலும் வாக்குத்தத்தம் ஏதாவது அகப்படுமா என்றுதான் தேடுவேன். 'வீடு' என்று எந்த வசனத்தில் வந்தாலும் அடிக்கோடு போட்டேன்.

2018 பிப்ரவரியில் எங்கள் சபையில் ஒரு தங்கை கல்யாணில் வீடு வாங்கி, பிரதிஷ்டை ஜெபத்துக்குக் கூப்பிட்டாள். எங்களுக்குப் பிறகு புக் செய்து எங்களுக்கு முன்னால் குடிபோகிறாள். போகாமல் இருந்தால் தப்பாக நினைப்பார்கள் என்று போனேன். வாசலில் ரிப்பன், உள்ளே புதுப் பெயிண்ட் வாசனை, கிச்சனில் கறுப்பு கிரானைட். சபைப் போதகர் ஐயர் வந்ததும் என்னைப் பார்த்து, "அக்கா, நீங்க வேதபாடம் வாசிங்க" என்று அவள் வேதாகமத்தைக் கையில் கொடுத்தாள். பதினாறாம் சங்கீதம். "நேர்த்தியான இடங்களில் எனக்குப் பங்கு கிடைத்தது" என்ற ஆறாம் வசனம் வந்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது. மற்றவர்கள் நான் உணர்ச்சிவசப்பட்டதாக நினைத்துக்கொண்டார்கள். ஒரு அக்கா தோளைத் தட்டிக்கொடுத்தார். எனக்குள் இருந்தது பொறாமை, வேறு ஒன்றும் இல்லை. அன்றைக்குக் கொடுத்த பிரியாணியை என்னால் நாலு வாய்க்கு மேல் சாப்பிட முடியவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. மும்பை லோக்கலில் மூன்று பேர் உட்காருகிற பெஞ்சில் நாலாவதாக ஒருவர் ஒட்டிக்கொள்வது வழக்கம், ஃபோர்த் சீட் என்று சொல்வார்கள். பாதி உடம்பு பெஞ்சில், பாதி உடம்பு நடைபாதையில், ஒரு காலை ஊன்றிக்கொண்டு உட்கார வேண்டும். டோம்பிவிலியில் ஏறினால் எனக்கு முதலில் அதுகூடக் கிடைக்காது. தானேயில் இறங்குகிறவர்களிடம் முன்பே சொல்லிவைத்து, நின்றுகொண்டே வந்து, தானேயில் ஃபோர்த் சீட் பிடித்து, காட்கோபர் வரைக்கும் அதில் உட்காருவேன். அன்றைக்கு அப்படி உட்கார்ந்து, எரிச்சலோடுதான், போனில் அந்தச் சங்கீதத்தை மறுபடியும் எடுத்தேன். முந்தின நாள் என் வாயாலேயே வாசித்த ஐந்தாம் வசனம் அப்போதுதான் கண்ணில் பட்டது: "கர்த்தர் என் சுதந்தரமும் என் பாத்திரத்தின் பங்குமானவர்."

பங்கு என்பது வீடு இல்லை, நிலம் இல்லை, அவர்தான் என்று தாவீது முதலிலேயே சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் நேர்த்தியான இடத்தில் பங்கு கிடைத்தது என்கிறார். நாம் ஐந்தாம் வசனத்தைத் தாண்டி ஆறாம் வசனத்தை மட்டும் எடுத்துப் புதுவீட்டு அழைப்பிதழில் அச்சடிக்கிறோம். பின்னால் எங்கள் ஐயரிடம் கேட்டபோது அவர் இன்னொன்றும் சொன்னார். எபிரெயத்தில் அந்த இடத்தில் வருவது நிலம் அளக்கிற கயிற்றைக் குறிக்கும் சொல்லாம். கானான் தேசத்தைக் கோத்திரங்களுக்குச் சீட்டுப் போட்டுக் கயிறு பிடித்து அளந்து கொடுத்த பேச்சு அது. ஆனால் அந்தப் பங்கீட்டில் ஆசாரியனான ஆரோனின் லேவி கோத்திரத்துக்கு மட்டும் நிலம் கிடையாது. 'நானே உன் பங்கு' என்று எண்ணாகமம் 18-ஆம் அதிகாரத்தில் கர்த்தர் ஆரோனிடம் சொல்கிறார். தாவீது யூதா கோத்திரம், நிலம் உள்ளவர், ராஜா வேறு. அவர் நிலமில்லாதவன் பேசுகிற பேச்சைத் தன் வாயில் எடுத்துக்கொள்கிறார். ம்ஹாடா லாட்டரியில் மூன்று தடவை பெயர் வராத எனக்கு, கார்பெட் ஏரியாவை மனப்பாடமாகத் தெரிந்துவைத்திருந்த எனக்கு, இது எங்கே போய்த் தைத்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு ஒரேயடியாக மாறிவிடவில்லை. அந்த வருடம் ஜூன், ஜூலையில் எனக்குத் தூக்கமே போய்விட்டது. இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் விடியும் வரைக்கும் கூரையைப் பார்த்தபடி படுத்திருப்பேன், பகலில் ஆபீசில் கூட்டல் தப்பும். கர்த்தருக்குள் சந்தோஷமாயிருக்கத் தெரியாததுதான் காரணம், விசுவாசக் குறைவு என்று எனக்கு வேண்டிய ஒருவரே சொன்னார். என் வீட்டுக்காரர்தான் கையைப் பிடித்து டாக்டரிடம் கூட்டிப்போனார். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. எலியா சூரைச்செடியின் கீழே படுத்து 'போதும் கர்த்தாவே' என்று சாவைக் கேட்டபோது, தேவன் முதலில் பிரசங்கம் பண்ணவில்லை, தூங்கவிட்டு, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்து, மறுபடியும் தூங்கவிட்டார். இந்த மாதிரி நிலையில் இருக்கிற யாராவது இதை வாசித்தால், தயவுசெய்து டாக்டரைப் பாருங்கள். ஜெபமும் பண்ணுங்கள், மருந்தும் சாப்பிடுங்கள்.

இனி நான் செய்ய ஆரம்பித்தவற்றைச் சொல்கிறேன். முதலாவது, தானே முதல் காட்கோபர் வரைக்கும் ஆண்டவரிடம் எதையும் கேட்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். இருபது நிமிடம்கூட இருக்காது. ஒரு சங்கீதம், அதில் அவரைப்பற்றிச் சொல்லியிருக்கிற ஒரு காரியம், அதற்கு ஸ்தோத்திரம், அவ்வளவுதான். மேய்ப்பர், கன்மலை, தகப்பன், செட்டைகளின் நிழல். முதல் இரண்டு வாரம் பெரிய கஷ்டம், வாய் தன்னால் வீட்டுக்குப் போகும், இழுத்துக்கொண்டு வருவேன். கேட்பதற்கு வேறு நேரம் இருக்கிறது, ராத்திரி குடும்ப ஜெபத்தில் தாராளமாகக் கேட்போம். ஆனால் அவரை அவருக்காகவே நினைக்க ஒரு தனி நேரம் வேண்டியிருந்தது. மூன்று மாதம் கழித்து ஒரு நாள் காட்கோபர் வந்ததே தெரியாமல் உட்கார்ந்திருந்தேன், பக்கத்தில் இருந்த மராத்திக்கார அம்மா தட்டி எழுப்பி இறக்கிவிட்டார். கண்ணில் தண்ணீர். துக்கத்தில் வந்ததில்லை அது.

இரண்டாவது, முறையிடுவதற்கு வசனத்தின் வார்த்தைகளையே எடுத்துக்கொண்டேன். சந்தோஷமாயிருக்க வேண்டும் என்றால் குறையே சொல்லக்கூடாது என்றுதான் சின்ன வயதிலிருந்து நினைத்திருந்தேன். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று பதின்மூன்றாம் சங்கீதம் ஆரம்பிக்கிறது. ஆறே வசனம்தான். எதுவரைக்கும், எதுவரைக்கும் என்று நாலு தடவை கேட்டுவிட்டு, கடைசியில் பாட்டில் முடிகிறது. அந்த நாலு 'எதுவரைக்கும்'-ஐ முழுங்கிவிட்டு நேரே பாட்டுக்குப் போனால் அந்தப் பாட்டு தொண்டைக்குக் கீழே இறங்காது. எரிச்சல் வந்த நாளில் இந்தச் சங்கீதத்தைச் சத்தமாக வாசிப்பேன், பாத்திரம் கழுவிக்கொண்டே.

ஞாயிற்றுக்கிழமை பத்லாப்பூர் போவதை நிறுத்தினோம். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக மாதத்தில் ஒரு சனிக்கிழமை என் வீட்டுக்காரர் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

அப்புறம் கைப்பிடி அரிசி. எங்கள் ஊரில் அம்மா உலைக்கு அரிசி களையும்போது ஒரு பிடி எடுத்துத் தனியாக ஒரு பானையில் போடுவார்கள், அது கோவிலுக்குப் போகும். வீட்டில் அரிசி குறைவாக இருக்கிற நாளிலும் அந்தப் பிடி குறையாது, நான் கேட்டால், "நம்ம சோறு குறையாதும்மா" என்பார்கள். மும்பை வந்த பிறகு அதை விட்டுவிட்டேன், பத்து வருடம் நினைக்கவே இல்லை. 2018 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கழுவிக் காயவைத்து அடுப்பு மேடையில் வைத்தேன். குக்கரில் வைக்கும் முன் ஒரு பிடி. மூன்று பேர் இருக்கிற வீட்டில் மாதம் இரண்டு கிலோ சேர்ந்தது. சபையில் வேலை இழந்த ஒரு குடும்பத்துக்கு அதோடு பருப்பும் எண்ணெயும் சேர்த்துக் கொடுத்தோம். எனக்குப் போதவில்லை, போதவில்லை என்றே வருடக்கணக்கில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த கை, தினமும் ஒரு தடவை 'இது எனக்கு வேண்டாம், இருக்கிறது போதும்' என்று எடுத்துப் போடுகிறது. பிரசங்கத்தில் கேட்டதைவிட அந்த டின்தான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது என்று நினைக்கிறேன். 2020 மார்ச்சில் லோக்கல் நின்று, என் வீட்டுக்காரருக்குப் பாதிச் சம்பளம் ஆன மாதங்களில் அந்த டின்னில் போட்டதை நாங்களே எடுத்துச் சமைத்த நாளும் உண்டு, அதற்காகவும் ஸ்தோத்திரம் சொன்னோம்.

பொறாமைக்கு நான் கண்ட மருந்து உடம்பு நோக வேலை செய்வது. யார் வீட்டுப் பிரதிஷ்டை என்றாலும் காலையிலேயே போய்விடுவேன், வெங்காயம் உரிக்க, பாத்திரம் கழுவ. "சந்தோஷப்படுகிறவர்களுடனே சந்தோஷப்படுங்கள்" என்று ரோமர் 12-இல் பவுல் சொல்வதை மனசு ஒத்துக்கொள்கிறவரைக்கும் காத்திருந்தால் நடக்காது, கை முதலில் போக வேண்டும், மனசு பின்னாலேயே வந்துவிடும். அந்தக் கல்யாண் தங்கையிடம் ஒரு வருடம் கழித்து நான் பட்ட பொறாமையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் ஒன்றும் சொல்லாமல் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள், பிறகு தன் கடன் விவரத்தை எடுத்துக் காட்டினாள். எனக்கு இருப்பதைவிட இரண்டு மடங்கு.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். போதுமென்ற மனது என்றால் அநியாயத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டிருப்பது என்று பலர் நினைக்கிறார்கள், சபையிலேயே என்னிடம் சொன்னார்கள், "கர்த்தர் பார்த்துக்குவார், நீங்க ஏன் கேஸ் அது இதுன்னு அலையணும்" என்று. "நான் எந்த நிலைமையிலிருந்தாலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்" என்று பவுல் எழுதியது பிலிப்பி சபைக்கு, அதுவும் கட்டுகளில் இருந்துகொண்டு. அதே பிலிப்பியில்தான் முன்பு அவரையும் சீலாவையும் அடித்துச் சிறையில் போட்டார்கள், நடுராத்திரியில் அவர்கள் பாடினார்கள். அது எல்லாருக்கும் தெரியும். மறுநாள் காலையில் நடந்ததை அப்போஸ்தலர் 16-இல் வாசித்துப் பாருங்கள். சத்தமில்லாமல் போய்விடுங்கள் என்று அதிகாரிகள் ஆள் அனுப்பியபோது பவுல் போகவில்லை. நாங்கள் ரோமர், விசாரிக்காமல் அடித்தார்கள், "அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துக்கொண்டு போகட்டும்" என்றார். ராத்திரி பாடினவரும் காலையில் நியாயம் கேட்டவரும் ஒரே ஆள். பாட்டு இருந்ததால்தான் நியாயத்தைக் கசப்பில்லாமல் கேட்க முடிந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

2017 மே மாதம் மகாராஷ்டிராவில் வீடு வாங்குகிறவர்களைப் பாதுகாக்கிற ரெரா சட்டம் நடைமுறைக்கு வந்து மஹாரெரா ஆணையம் ஆரம்பித்திருந்தது. சொன்ன தேதியில் வீடு தராவிட்டால், திட்டத்தில் தொடர்கிறவர்களுக்குச் சாவி கொடுக்கும் வரை ஒவ்வொரு மாதத்துக்கும் பில்டர் வட்டி தர வேண்டும், விலக நினைக்கிறவர்கள் பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்கலாம் என்று அதன் 18-ஆம் பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் எங்களைப் போல மாட்டிக்கொண்ட பதினோரு குடும்பம் சேர்ந்து புகார் கொடுத்தோம். அக்ரிமெண்ட், பணம் கட்டிய ரசீது, வங்கிக் கடிதம் எல்லாவற்றையும் தேதி வரிசையில் நான்தான் கட்டு கட்டாக அடுக்கினேன், கணக்கு வேலை அதற்கு உதவியது. அதற்கு முன்பு அந்தக் காகிதங்களைத் தொட்டாலே கை நடுங்கும். இப்போது நடுங்கவில்லை. உத்தரவு எங்களுக்குச் சாதகமாக வந்தது. கட்டிடம் வேறு ஒருவர் கைக்கு மாறி, இப்போது பூச்சு வேலை நடக்கிறது. சாவி எப்போது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மனரம்மியம் என்ற சொல்லை வேதாகமத்துக்கு வெளியே நான் யார் வாயிலும் கேட்டதில்லை. அதன் பக்கத்தில் இருக்கிற 'கற்றுக்கொண்டேன்' என்ற சாதாரணச் சொல்தான் எனக்குத் தைரியம் கொடுத்தது. பவுலுக்கே அது பிறவியில் வரவில்லை.

நான் கற்றுக்கொண்டேனா என்று எனக்குத் தெரியவந்தது 2019 ஜூலை 27 அன்று. முந்தின ராத்திரியிலிருந்து பேய்மழை, உல்லாஸ் ஆறு பெருகி, பத்லாப்பூருக்கும் வாங்கணிக்கும் நடுவில் மகாலட்சுமி எக்ஸ்பிரஸ் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டது, 1,000-க்கும் மேற்பட்ட பயணிகளைப் படகில் மீட்டார்கள். டிவியில் காட்டிக்கொண்டே இருந்தார்கள். அந்தப் பக்கத்தில்தான் எங்கள் கட்டிடம். ஒரு வருடத்துக்கு முன்னால் என்றால் அஸ்திவாரம் என்ன ஆனது என்று போன் போட்டு எல்லாரையும் பிய்த்திருப்பேன். அன்றைக்கு ரயிலுக்குள் குழந்தைகள் இருக்குமே, ராத்திரி முழுக்கச் சாப்பிட என்ன செய்திருப்பார்கள் என்றுதான் மனசு போனது. முழங்காலில் நின்று அவர்களுக்காக ஜெபித்தோம். எழுந்து டீ போடும்போதுதான் என் வீட்டுக்காரர், "நம்ம பில்டிங்குக்காக ஜெபிக்கவே இல்லியே" என்றார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்த நிமிஷம் எனக்குள் இருந்தது என்ன என்று சொல்ல வார்த்தை இல்லை, லேசாக இருந்தது, அவ்வளவுதான் சொல்ல முடியும். இன்றும் சில நாள் பழைய கனம் திரும்ப வரும். வரும்போது டின்னும் தானே-காட்கோபர் சங்கீதமும் இருக்கின்றன.

இந்த மே மாதம் மறுபடியும் வீடு மாறினோம், வந்து ஐந்தாவது வாடகை வீடு. இத்தனை வருடமும் வாடகை வீட்டுக்குப் பிரதிஷ்டை ஜெபம் எதற்கு, சொந்த வீடு வரட்டும் என்று விட்டுவிட்டிருந்தேன். இந்தத் தடவை ஐயரைக் கூப்பிட்டோம். இரண்டாவது மாடி, பத்துக்குப் பன்னிரண்டு ஹால், பிரிக்காத அட்டைப்பெட்டிகள் சுவரோரம். பதினெட்டு பேர் வந்தார்கள், கல்யாண் தங்கை காலையிலேயே வந்து வெங்காயம் உரித்தாள், செருப்புகள் முதல் மாடிப் படிக்கட்டு வரைக்கும் கிடந்தன. எதிர்வீட்டு மராத்தி காகூ (சித்தி மாதிரி) மொழி புரியாவிட்டாலும் கடைசிவரை உட்கார்ந்திருந்தார். என் மகள் எழுந்து பதினாறாம் சங்கீதம் வாசித்தாள், ஐந்தாம் வசனத்திலிருந்து. எல்லாரும் போன பிறகு நான் செய்தித்தாள் சுற்றிவைத்திருந்த பிஸ்கட் டின்னைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துடைத்து, புது அடுப்பு மேடையில், அரிசி வாளிக்குப் பக்கத்தில் வைத்தேன். ராத்திரிச் சமையலுக்கு அரிசி அளந்தேன், ஒரு பிடி எடுத்து அதில் போட்டேன்.